லிஸ்பனில் பன்னிரண்டு நிமிடம்

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பிவைத்தவனுக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் மேசையில் கவிழ்த்து வைத்தேன். வேறு எதையாவது கொடுத்திருக்கலாம்.

விழா முடிந்ததும் நிவேதா வந்தாள். என் நாற்காலிக்கு வரப்போகிறவள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "சார், நீங்க ஒரு பிளான் போட மூணு நாள் எடுத்துக்கினு இருந்தீங்களாமே. இப்ப பாருங்க" என்று போனில் தட்டினாள். கணவன் மனைவி இருவர், ஐரோப்பாவில் ஒரு நகரம், நான்கு நாள் என்று சொன்னதும் அரை நிமிடத்தில் அது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டது. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் விடவில்லை. அதில் ஒரு நடைவழியைத் தொட்டுக் காட்டினாள். வழிக்குக் கீழே ஒரு கோடு ஏறி இறங்கியது.

"இது என்னாது?" என்றேன்.

"எங்க மேடு, எங்க பள்ளம்னு காட்டுது சார்."

"லிஸ்பன்னு போடும்மா" என்றேன். போட்டாள். கீழே இருக்கும் சதுக்கத்தையும் மேலே இருக்கும் கோட்டையையும் சொன்னேன். அந்தத் தெருப் பெயர்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். போனில் கோடு நிமிர்ந்து மேலே போனது.

"யப்பா, செவுரு மாதிரி நிக்குது. இதுல யாரு சார் நடப்பாங்க?" என்றாள்.

நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க, என் வேலைக்காலத்தில் மறக்க முடியாத ஒன்றை எழுதித் தரச் சொல்லி அவள்தான் கேட்டிருந்தாள். இது அதுதான். அவள் கேட்ட மாதிரி இருக்காது.

நான் இந்த வேலைக்கு வந்தது தட்டச்சு செய்ய. பாஸ்போர்ட் படிவம், ரயில் டிக்கெட், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் காகிதங்கள் என்று பத்து வருடம் ஓடியது. பிறகு ஐரோப்பா வந்தது. விசா கேட்கும்போது ஒவ்வொரு நாளும் எங்கே போவீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் பலர் விசாவுக்காக ஏதோ ஒன்றை எழுதித் தள்ளுவார்கள். போகிறவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். எங்கள் மேனேஜர் சம்பந்தம் சார் அப்படி விடமாட்டார். "எழுதுறதே எழுதுற, அவங்க கையில வச்சிக்கினு நடக்குற மாதிரி எழுது" என்பார்.

சம்பந்தம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் உயராத மனுஷன். கால்சராயும் செருப்பும்தான், ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. நாம் கொடுக்கும் தாளை முழுக்கப் படித்துவிட்டு, பிடிக்காத இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். எது தப்பு என்று சொல்லமாட்டார். நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அவரும் சரி, நானும் சரி, ஐரோப்பாவை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் அவ்வளவு பயந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் வைத்திருந்த முறை வேறு எந்த அலுவலகத்திலும் இருந்திருக்காது. கம்ப்யூட்டர் வரைபடம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு இத்தனை மீட்டர், நடந்தால் இத்தனை நிமிடம் என்று காட்டும். மீட்டரை எடுத்துக்கொள்ளலாம், நிமிடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. "அது வெள்ளைக்காரன் காலுக்குப் போட்ட கணக்கு. நம்ம ஆளு நடக்குற நிமிசம் வேற." அதனால் அந்தத் தூரத்தை விழுப்புரத்தில் நாங்கள் நடந்து பார்க்க வேண்டும். அலுவலக வாசலிலிருந்து எது எத்தனை மீட்டர் என்று ஸ்கூட்டர் மீட்டரில் அளந்து ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தார். பிள்ளையார் கோயில், மருந்துக்கடை, ரயில்வே ஜங்ஷன் வாசல், நான்குமுனை சந்திப்பு. போகிறவருக்கு முட்டி வலி என்றால் முட்டி வலிக்காரன் மாதிரி நடக்க வேண்டும். புடவை கட்டுகிற அம்மா என்றால் காலடியைக் குறுக்கி வைக்க வேண்டும். கடைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னா சார், இன்னிக்கு பாரிஸா, ரோமா?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் சம்பந்தம் சார் கேட்கும் ஒரே கேள்வி, "கால் வச்சிப் பாத்தியா?"

இன்னொரு பாடமும் அவரிடம் பட்டேன். ஆரம்பத்தில் ஒரு டாக்டர் தம்பதியை ரோமில் திங்கட்கிழமை ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை விடுமுறை. அவர்கள் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி, அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினார்கள்.  மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குச் சம்பந்தம் சார் என்னைத் திருவாமாத்தூர் கோயிலுக்கு அனுப்பி, விபூதிப் பிரசாதம் வாங்கிவரச் சொன்னார். போனால் நடை சாத்தியிருந்தது. சாயங்காலம் திறக்கும் வரை கல்லுப்பிள்ளையார் மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். விபூதியைக் கொண்டுவந்து கொடுத்தபோது நெற்றியில் பூசிக்கொண்டே, "சாத்துன கதவுக்கு முன்னாடி உக்காந்தா எப்டி இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினியா?" என்றார். அன்றிலிருந்து எந்த இடம் எந்தக் கிழமை மூடும் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் பேனாவையே எடுப்பேன். இந்தப் புத்தியும் எனக்கு வேறு விதத்தில் வினையாக வந்தது.

எட்டு வருடம் முன்பு திண்டிவனத்திலிருந்து ஏழுமலை அண்ணனும் அவர் மனைவி கலாவதி டீச்சரும் வந்தார்கள். அண்ணனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். டீச்சர் முகையூர் பக்கத்துப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே பையன் பிரபு, அப்பா அம்மா எங்காவது நாலு நாள் போய்வரட்டும் என்று எல்லா ஏற்பாட்டையும் எங்களிடம் விட்டிருந்தான்.

"எந்த ஊரு டீச்சர்?" என்றேன்.

"லிஸ்பன்" என்றார் டக்கென்று. "வாஸ்கோடகாமா கப்பல் ஏறுன எடம். கள்ளிக்கோட்டையில வந்து எறங்குனான், எறங்குனான்னு முப்பது வருசம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கினு இருந்துட்டேன். எங்கேருந்து கெளம்புனான்னு ஒரு தபா பாத்துடணும் தம்பி."

"எனக்கு எங்க போனா என்னா" என்றார் அண்ணன். "டீச்சர் போற எடத்துக்குப் பின்னாடியே போவணும். கல்யாணம் ஆன நாளா அதான் நடக்குது." அவரும் பெண்டாட்டியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் முறைத்தார், ஆனால் முகம் சிரித்தது.

சம்பந்தம் சார் தயார் செய்த கேள்வித்தாள் ஒன்று எங்களிடம் உண்டு. சர்க்கரை உண்டா, முட்டி எப்படி, பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் போகணும், தினம் எவ்வளவு தூரம் நடப்பீர்கள். ஏழுமலை அண்ணன் பிரஷர் மாத்திரை ஒன்று போடுவதாகச் சொன்னார். காலையில் ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பாராம். நல்ல நடை என்று குறித்துக்கொண்டேன். படி ஏறினால் மூச்சு வாங்குமா என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. அவர் வீடும் கீழ்வீடு, கடையும் கீழ்க்கடை. எங்கள் அலுவலகமும் கீழேதான். விழுப்புரத்தில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் எனக்குத் தெரியும், அதிலும் பஸ்ஸில்தான் போவேன்.

அவர்கள் போய்ச் சேருவது ஞாயிறு. அன்று ஓய்வு. மறுநாள் திங்கள். வாஸ்கோடகாமா கப்பல் ஏறிய, டீச்சர் பார்க்க ஏங்கிய ஆற்றங்கரையை முதலில் வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அந்தக் கரையோரம் இருக்கும் பழைய மடமும் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடல். எனக்குத் திருவாமாத்தூர்க் கதவு ஞாபகம் வந்தது. அதனால் ஆற்றங்கரையைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டு, எல்லா நாளும் திறந்திருக்கும் கோட்டையைத் திங்களுக்குக் கொண்டுவந்தேன். அவர்கள் தங்கும் விடுதி கீழே சதுக்கத்தின் பக்கம். அங்கிருந்து கோட்டை எழுநூற்றைம்பது மீட்டர்.

எழுநூற்றைம்பது மீட்டருக்கு டாக்ஸி எதற்கு? வழக்கம் போல வெளியே போய் நடந்தேன். ஏழுமலை அண்ணன் காலடி எப்படி இருக்கும், டீச்சர் காலடி எப்படி இருக்கும் என்று நிதானமாக, நடுவில் ஒரு இடத்தில் நின்று. பன்னிரண்டு நிமிடம் ஆனது.

இங்கேதான் நான் செய்த தப்பு. திரும்பி வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர் பதினேழு நிமிடம் என்று காட்டியது. எப்போதும் கம்ப்யூட்டர் நிமிடம் குறைவாக இருக்கும், எங்கள் நிமிடம் கூடுதலாக இருக்கும். அன்று முதல் முறையாகத் தலைகீழாக இருந்தது. அதே எழுநூற்றைம்பது மீட்டருக்கு வேறு ஊர்களில் ஒன்பது, பத்து என்று காட்டிய இயந்திரம் இங்கே ஏன் பதினேழு காட்டுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாய்க்குட்டிக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது சிரிப்பு. கெட்டுப்போச்சு போல என்று நினைத்து, "கோட்டை, நடந்து, 12 நிமிடம், நிதானமாக" என்று தமிழில் பெரிய எழுத்தில் அடித்தேன். ஏற்றத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருந்தது; ஒரு ஊரில் தெரு இவ்வளவு செங்குத்தாக ஏறும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்கள். நான் விட்டது அடுத்தவர் காலை.

தாளைச் சம்பந்தம் சாரிடம் கொடுத்தேன். "கால் வச்சிப் பாத்தியா?" என்றார். "பாத்தேன் சார்" என்றேன். பதினேழைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் புள்ளி வைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். அங்கே காலை பத்தரை. என் போன் அடித்தது. தாளின் அடியில் அவசரத்துக்கு என்று என் நம்பரைத்தான் போடுவோம்.

"தம்பி, இவரு படியில உக்காந்துட்டாரு" என்றார் டீச்சர். "எழுந்திரிக்க மாட்டேங்குறாரு. வேர்த்து ஊத்துது. கூப்புட்டா பாக்குறாரு, பேசமாட்டேங்குறாரு."

அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பரைச் சொல்லி, பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் போனில் பேசச் சொல்லுங்கள் என்றேன். போனை அவர் வைக்கவில்லை. யாரோ ஒரு பெண் அந்த ஊர் மொழியில் கத்துவது கேட்டது. டீச்சர், "இதோ வர்றாங்களாம், இதோ வர்றாங்களாம்" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். "எந்த எடம்னு கேக்குறாங்க தம்பி, எந்த எடம்னு சொல்றது?" என்றார். தெருப் பெயரை நான் இங்கிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். படிகளும் வளைவுகளுமான சந்து என்பதால் வண்டி பக்கத்தில் வர முடியாமல், ஆட்கள் தூக்குப்படுக்கையோடு ஏறி வந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

உடல் திண்டிவனம் வந்து சேர ஒரு வாரம் ஆனது. அந்தக் காகிதங்களையெல்லாம் நானேதான் பார்த்தேன். ராப்பகலாக அந்த வேலையைச் செய்தேன் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

காரியத்தன்று சம்பந்தம் சாரும் நானும் போனோம். கூடத்தில் அண்ணன் படத்துக்கு மாலை. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"முக்கால்வாசிக்கு மேல ஏறிட்டோம் தம்பி. நின்னு நின்னு வந்தாரு. நான் வாட்ச்சப் பாத்தேன். பன்னெண்டு நிமிசம்னு தெளிவா எழுதிக் குடுத்திருக்காங்க, கால் மணி நேரம் ஆவுது, என்னா நடை நடக்குறீங்க, ஏரிக்கரையில இப்டித்தான் நடப்பீங்களான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. கொஞ்சம் ஜல்தியா ஏறுனாரு. நாலு படி தாண்டி உக்காந்துட்டாரு."

பிரபு தூண்டிலில் மாட்டியவன் மாதிரி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்து அம்மா முகத்தைப் பார்த்தான். "நீதாம்மா அவர வெரட்டியிருக்க" என்றான். "அவருக்கு முடியலன்னு ஒனக்குத் தெரியல. ஒனக்கு பேப்பர்ல இருக்கறதுதான் பெருசு."  டீச்சர் தலையை ஆட்டினார். அவன் சொன்னதை ஒத்துக்கொள்வது போல இருந்தது. நான் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சம்பந்தம் சாரிடம் பதினேழைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். பஸ் விக்கிரவாண்டி தாண்டியது.

"இப்ப போய்ச் சொன்னா அவரு எழுந்து வந்துடுவாரா?" என்றார். "நம்மள நம்பி ஆபீஸ்ல எத்தினி பேரு இருக்காங்க. வுடுப்பா. காலம் ஆத்திடும்."

நான் விட்டுவிட்டேன். அவர் சொன்னதால் விட்டேன் என்று பல வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சம்பந்தம் சார் யாரிடமும் "கால் வச்சிப் பாத்தியா" என்று கேட்கவில்லை. சுவரிலிருந்த பட்டியலையும் ஒருநாள் கிழித்துப் போட்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கும் பிரபுவுக்கும் பேச்சு முறிந்துவிட்டது என்று திண்டிவனத்துக்காரர் ஒருவர் சொன்னார். அவன் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டான், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதைக் கேட்ட பிறகும் நான் போகவில்லை.

நிவேதாவின் போனில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறியதைப் பார்த்த மறுநாள் காலை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

டீச்சர் இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொல்லி, மல்லாட்டை வேகவைத்திருக்கிறேன், சாப்பிடுங்க என்று தட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு கடலையைக்கூடத் தொடவில்லை. விழுப்புரத்தில் நடந்து பார்த்தது, கம்ப்யூட்டர் பதினேழு காட்டியது, நான் சிரித்தது, பன்னிரண்டு அடித்தது, காரியத்தன்று வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பன்னெண்டுன்னு நீங்களா போட்டதா?"

"ஆமாங்க டீச்சர்."

"நான் டெய்லி இவரு போட்டோவுக்கு முன்னாடி நின்னு மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். "எட்டு வருசம். எம்புள்ள என்ன அம்மான்னு கூப்புட்டு எட்டு வருசம். இத அன்னிக்கு அவன் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும் டீச்சர்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். அதில் நான் அடித்த அந்தத் தாள். இரண்டாக மடித்த இடத்தில் நைந்து போயிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரை என்ற வரிக்குப் பக்கத்தில் அவர் பேனாவால் முன்பே ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருந்தார்.

தாளை என் முன்னால் வைத்து, அதன்மேல் ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தார்.

"திருத்துங்க" என்றார். "திருத்திட்டு பக்கத்துல கையெழுத்து போடுங்க. தேதியும் போடுங்க."

பன்னிரண்டை அடித்துவிட்டு மேலே பதினேழு என்று எழுதினேன்.  கையெழுத்தும் தேதியும் போட்டேன். அவர் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்தார். பிரபுவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறாரா என்று கேட்டேன். "அப்பறம் அனுப்பறேன். மொதல்ல சொல்ல வேண்டியவரு இருக்காரு" என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிள்ளைகளுக்கு மார்க் படிக்கும் குரலில் சொன்னார்.

"பதினேழு நிமிசமாங்க. நீங்க சரியாத்தான் நடந்திருக்கீங்க."